சண்டாளருக்குத் தலைவன் சண்டாளன்

அந்தப் பழைய அரண்மனைத் தோட்டத்தில் அன்று மாலை எல்லோரும் சிரித்தார்கள். புல்தரையில் வரிசையாக நாற்காலி, மரக்கிளைகளில் சின்னச் சின்ன விளக்கு, நுழைவாயிலில் சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு. திறந்தவெளி அரங்கில் வடமொழிச் செவ்வியல் நகைச்சுவை நாடகம் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். 'மிருச்சகடிகம்'. பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியற் சிறுதேர்' என்று தமிழாக்கிய அதே நாடகம். ஊரின் பெயரையும் குழுவின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. ஆளைச் சொல்லி அடிப்பதில் எனக்கு ருசியில்லை. அடிக்க வேண்டியது அந்தச் சிரிப்பை.

எந்த இடத்தில் சிரித்தார்கள் என்று சொல்கிறேன். பத்தாம் அங்கம். சாருதத்தன் என்ற பார்ப்பன வணிகனைக் கொலைக்களத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கூட்டிப் போகிறவர்கள் இரண்டு சண்டாளர்கள். மேடைக்கு வந்தவர்கள் இரண்டு கல்லூரிப் பையன்கள். முகத்தில் கரி. பல்லில் கறை. இடுப்பில் கிழிந்த சாக்கு. கள்ளுக் குடித்தவன் மாதிரி தள்ளாட்டம், வாயில் நம் சினிமாக்காரர்கள் சேரிக்கென்றே செய்துவைத்திருக்கும் அந்த இழுவைத் தமிழ். வந்து நின்றதுமே கூட்டம் கொல்லென்று சிரித்தது. வசனமே இன்னும் ஆரம்பிக்கவில்லை! உருவத்துக்கே சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'ரொம்ப நேச்சுரல்' என்றார்.

வாசலில் விருந்தினரைப் பறையடித்து வரவேற்ற ஐந்து பேர் நாடகம் நடந்த இரண்டரை மணி நேரமும் மதில் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. யாரும் உட்காராதே என்று சொல்லவில்லை. உட்காரு என்றும் சொல்லவில்லை. இப்படித்தான் நடக்கும் தோழர்களே, இப்போதெல்லாம் எவனும் வாயைத் திறந்து தடுப்பதில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு வந்த கோபம் நாடகத்தின் மேல் அல்ல, நாடகத்தைத் திருடியவர்கள் மேல். ஏனென்றால் நான் அந்த நாடகத்தைப் படித்திருக்கிறேன். அந்தப் பத்தாம் அங்கத்தில் சிரிப்புக்குரியவன் சண்டாளன் அல்ல.

*

கதை தெரியாத தோழர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சூத்திரகன் என்ற பேரில் வழங்கும் நாடகம். பேரைக் கேட்டு நம்மாளு என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். முன்னுரையிலேயே அவர் அரசர், இருபிறப்பாளர்களில் முதன்மையானவர், அசுவமேதம் செய்தவர், நூறு வருஷமும் பத்து நாளும் வாழ்ந்து தீயில் புகுந்தவர் என்று எழுதியிருக்கிறது. தான் செத்த கதையைத் தன் நாடகத்திலேயே சொல்லிவிட்ட ஆசிரியர்! யார் எழுதியதோ, யார் கைபட்டதோ, அந்த ஆராய்ச்சி பண்டிதர்களுக்கு.

உஜ்ஜயினி நகரம். ஏழையாகிப் போன சாருதத்தன். அவனைக் காதலிக்கும் கணிகை வசந்தசேனை. அவளைத் துரத்தும் சகாரன், ராஜாவின் மச்சான். ராஜா பாலகன் கொடுங்கோலன். அவனைக் கவிழ்க்கக் கிளம்பும் ஆர்யகன், இடையர் வீட்டுப் பிள்ளை. பத்து அங்கம். சமஸ்கிருத நாடகங்களில் ராஜாவும் ரிஷிபத்தினியும் மான்குட்டியும்தான் வழக்கம். இதிலோ சூதாடி, திருடன், அடிமை, தேரோட்டி, காவல்காரன், பிக்கு, கொலைக்களச் சண்டாளன் என்று தெருவே மேடையேறி வருகிறது.

இதில் வரும் திருடனை மறக்க முடியாது. சர்விலகன். பார்ப்பனன். சுவரில் கன்னம் வைக்கிறான். எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் ஓட்டை போடுவது என்று அளக்க வேண்டும். அளவுக்கயிறு கொண்டுவர மறந்துவிட்டான். என்ன செய்தான் தெரியுமா? பூணூலைக் கழற்றி அளந்தான். அளந்துகொண்டே, பார்ப்பனனுக்கு இந்தப் பூணூல் எத்தனை வகையில் பயன்படுகிறது என்று பெருமையும் பேசுகிறான். இந்த இடம் வந்தபோது அந்தத் தோட்டத்தில் அவ்வளவாகச் சிரிப்பு எழவில்லை. லேசான செருமல். இயக்குநரும் அதை ஓட்டமாக ஓட்டிவிட்டார். பூணூலுக்குச் செருமல், சாக்குக்குச் சிரிப்பு. ஒரு சபையின் சாதியை அளக்க எனக்கு இந்த அளவுக்கயிறு போதும்.

சிரிப்பு எந்தப் பக்கம் பாய்கிறது என்பது ஆதியிலிருந்தே பிரச்சினைதான். நாட்டிய சாஸ்திரத்தின் முதல் அத்தியாயத்தில், சூத்திரர் வேதம் கேட்கக் கூடாது, ஆகவே எல்லா வருணத்தாருக்கும் ஐந்தாம் வேதமாக நாடகம் படைக்கப்பட்டது என்று ஒரு கதை. எல்லோரும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். கடைசி அத்தியாயத்தில் இருக்கிற கதையைச் சொல்ல மாட்டார்கள். பரதரின் பிள்ளைகள் ரிஷிகளைக் கேலி செய்து நாடகம் போட்டார்கள். ரிஷிகளுக்குக் கோபம் வந்தது. சாபம் விட்டார்கள். என்ன சாபம்? நீங்களும் உங்கள் வம்சமும் சூத்திரராகப் போங்கள் என்று. மேல்நோக்கிச் சிரித்தால் சாதி இறங்கும். அவர்கள் சாஸ்திரமே தரும் வாக்குமூலம் இது.

*

நாடகத்துக்குள்ளேயே ஒரு தோட்டம் வருகிறது. புஷ்பகரண்டகம் என்று பேர். ராஜாவின் பழைய தோட்டம். எட்டாம் அங்கம் முழுக்க அங்கேதான் நடக்கிறது. பழைய அரண்மனைத் தோட்டத்தில் உட்கார்ந்து பழைய அரண்மனைத் தோட்டத்தின் கதையைப் பார்க்கிறோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்தத் தோட்டத்துக் குளத்தில் ஒரு பௌத்த பிக்கு தன் சீவரத்தைத் துவைக்கிறான். முந்தைய வாழ்வில் அவன் உடம்பு பிடித்துவிடும் தொழிலாளி, சூதாடிக் கடன்பட்டுத் தெருத் தெருவாக அடிபட்டவன். எல்லாவற்றையும் உதறிவிட்டுச் சங்கத்தில் சேர்ந்தவன். சகாரன் வருகிறான். அடிக்கிறான். ஏன் அடிக்கிறாய் என்றால் அவன் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள். இந்தத் தோட்டம் என் அக்கா புருஷன் எனக்குக் கொடுத்தது. இந்தக் குளத்தில் நாயும் நரியும் தண்ணி குடிக்கும். மேன்மக்களில் சிறந்த நானே இதில் குளிப்பதில்லை. நீ உன் நாற்றம் பிடித்த துணியை இதில் துவைக்கிறாயா?

நாயும் நரியும் குடிக்கலாம்!

தோழர்களே, இதைப் படித்துக்கொண்டிருந்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். 1927 மார்ச் 20. மகாத் நகரத்துச் சௌதார் குளம். ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து போய் பாபாசாகேப் அம்பேத்கர் கைநிறைய அள்ளிக் குடித்த தண்ணீர். ஆடும் மாடும் குடித்த குளம்தான் அது. மனுஷன் குடித்ததும் தீட்டாகிவிட்டது. கூட்டம் கலைந்து போகும்போது அடித்தார்கள். பிறகு மாட்டு மூத்திரமும் சாணியும் கலந்து ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்திய ஒரு சிரிப்பு நாடகத்தின் வில்லன் பேசிய அதே வசனத்தை மகாத்தின் சாதி இந்துக்கள் ஒத்திகைகூட இல்லாமல் பேசினார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டிக்குள் மலம் கிடந்தது. அன்று நாம் ஒரு குளத்தில் இறங்கவில்லை, யாருடைய தண்ணீரையும் தொடவில்லை. நம் தெருவில் நமக்கென்று ஒரு தொட்டி இருந்தது. அவ்வளவுதான்.

எட்டாம் அங்கம் இதோடு முடியவில்லை. அதே தோட்டத்தில் சகாரன் வசந்தசேனையின் கழுத்தை நெரிக்கிறான். செத்துவிட்டாள் என்று இலைச்சருகைப் போட்டு மூடிவிட்டுப் போகிறான். அடிபட்ட பிக்கு துவைத்த சீவரத்தைக் காயப்போட இடம் தேடி வந்து அந்தச் சருகுக் குவியல் மேலேயே விரிக்கிறான். உள்ளிருந்து கை அசைகிறது. தண்ணீருக்கு எங்கே போவது? ஈரச் சீவரத்தைப் பிழிந்து அந்தத் தண்ணீரை விடுகிறான். அவள் உயிர் பிழைக்கிறாள். எந்தத் துணியைத் துவைத்ததற்காக அடித்தானோ, அந்தத் துணியின் தண்ணீர்.

இதைவிடப் பெரிய எதிர்க்கதையாடல் ஒன்றை நம்மில் யார் எழுதியிருக்கிறோம்? ஆனால் அந்த அரண்மனைத் தோட்டத்தில் பிக்கு மொட்டைத் தலை கோமாளி. அவன் உதை வாங்கும்போது மிருதங்கக்காரர் ஒவ்வொரு உதைக்கும் ஒரு தட்டுத் தட்டினார். சிரிப்பு.

*

ஆறாம் அங்கத்துக்குச் சற்றே திரும்பிப் போக வேண்டும். தப்பி ஓடும் ஆர்யகனைத் தேடி இரண்டு காவல் அதிகாரிகள் வண்டிகளைச் சோதிக்கிறார்கள். வீரகன், சந்தனகன். சந்தனகன் வண்டிக்குள் ஆர்யகனைப் பார்த்துவிடுகிறான். அடைக்கலம் என்கிறான் ஆர்யகன். சந்தனகன் காட்டிக்கொடுக்கவில்லை. வீரகனுக்குச் சந்தேகம் வருகிறது. சண்டை முற்றுகிறது. முற்றினால் நம் நாட்டில் எங்கே போய் நிற்கும்? சாதியில். நீ சவரம் செய்கிறவன் என்று இவன் ஜாடை காட்டுகிறான். உனக்கு அம்மா ஒரு முரசு, அப்பா ஒரு பறை என்று அவன் திருப்பிச் சொல்கிறான். அதாவது தோல் சாதி. ஒரே சீருடை, ஒரே சம்பளம், ஒரே ராஜாவுக்கு ஊழியம், கோபம் வந்தால் மட்டும் சவரக்கத்தியும் தோலும். எந்த அலுவலகத்திலும் சாப்பாட்டு நேரத்தில் நடக்கிற விஷயம்தான். நானும் கேட்டிருக்கிறேன், கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து.

இந்தத் தோல் சாதிக்காரன் சந்தனகன் அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் ஆர்யகன் பிடிபட்டிருப்பான். புரட்சியும் இல்லை, புது ராஜாவும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

இப்போது பத்தாம் அங்கம். அவர்கள் கரி பூசிக் கெடுத்த அங்கம்.

வசந்தசேனையைக் கொன்றது சாருதத்தன்தான் என்று சகாரன் வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டான். பார்ப்பனனைக் கொல்லக் கூடாது, நாடு கடத்தலாம் என்று நீதிபதி மனுவைக் காட்டிப் பரிந்துரைக்கிறார். ராஜா கேட்கவில்லை. கழுவேற்று என்கிறான். செவ்வலரி மாலை போட்டு, உடம்பெல்லாம் செஞ்சந்தனம் அப்பி, பலியாடு போல அவனைக் கொண்டுவருகிறார்கள். நிறுத்தி நிறுத்திப் பறை அறைந்து குற்றத்தை அறிவிக்க வேண்டும். அது சண்டாளர் வேலை. இரண்டு பேருக்கும் பேர் உண்டு. கோகன், ஆகீந்தன். கரி பூசியவர்களின் நிகழ்ச்சிநிரலில் இந்தப் பேர் இல்லை. 'சண்டாளன் 1, சண்டாளன் 2' என்று போட்டிருந்தது.

சாருதத்தன் சண்டாளரிடம் ஒரு வரம் கேட்கிறான். எங்கள் கையிலிருந்து நீ தானம் வாங்குவாயா என்று கேட்கிறார்கள் இவர்கள். கழுமரம் கண்ணெதிரே நிற்கிறது. கழுத்தில் அலரி மாலை. அந்த நிலையிலும் பதறுகிறான், சிவ சிவா, அப்படிச் சொல்லாதே என்கிற மாதிரி. உயிர் போகப் போகிறது, ஆசாரம் போகவில்லை. சிரிக்க வேண்டிய இடம் இது! பிறகு சமாளித்துக்கொண்டு, அந்தப் பாலக ராஜாவைப் போல நீங்கள் கொடியவர்கள் இல்லை, என் மகன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறான். சரி என்கிறார்கள்.

சின்னப் பையன் ரோகசேனன் வருகிறான். ஏ சண்டாளர்களே, என் அப்பாவை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்கிறான். அதற்கு அவர்கள் சொல்லும் பதில்தான் இந்த நாடகத்துக்கே உயிர். சண்டாளக் குலத்தில் பிறந்திருந்தாலும் நாங்கள் சண்டாளர் இல்லை. நல்லவனை எவன் துன்பப்படுத்துகிறானோ அவன்தான் பாவி, அவன்தான் சண்டாளன். பையன் விடவில்லை. அப்படியென்றால் நீங்கள் ஏன் என் அப்பாவைக் கொல்கிறீர்கள்? ராஜாவின் ஆணை குற்றவாளி, நாங்கள் இல்லை. என்னைக் கொல்லுங்கள், அப்பாவை விட்டுவிடுங்கள். இப்படிச் சொன்னாயே, நீ நீண்ட காலம் வாழ வேண்டும் என்கிறான் சண்டாளன்.

இன்றைக்கு யார் முறை என்று இருவருக்கும் தர்க்கம். தரையில் கோடு போட்டுப் பார்க்கிறார்கள். முறை வந்தவன் அப்போதும் வெட்டவில்லை. என் அப்பன் சாகும்போது சொல்லிவிட்டுப் போனான், உன் முறை வந்தால் அவசரப்பட்டு வெட்டாதே என்று. ஏன்? யாராவது நல்லவன் பணம் கட்டி மீட்கலாம். ராஜாவுக்குப் பிள்ளை பிறந்து எல்லோரையும் விடுதலை செய்யலாம். யானை கட்டவிழ்த்து ஓடிக் கலவரத்தில் இவன் தப்பலாம். அல்லது ராஜாவே மாறலாம்.

ராஜாவே மாறலாம்! கொலைக்கத்தியைக் கையில் பிடித்திருக்கிற குலத்தில், அப்பன் பிள்ளைக்கு விட்டுச் செல்லும் சொத்து இது. கத்தியைத் தாமதப்படுத்து. இதைக் காதில் வாங்கிய எவனாவது கரி பூசிய முகத்தைக் கற்பனை செய்வானா?

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. சகாரனின் அடிமை ஸ்தாவரகன், உண்மை தெரிந்தவன், அடைத்துவைத்த மாடியிலிருந்து குதித்து ஓடிவந்து, கொன்றவன் என் எஜமான்தான் என்று கத்துகிறான். சகாரன் வந்து, இவன் பொன் திருடியவன், அடித்தேன், அந்த வன்மம் என்கிறான். சண்டாளர்கள் எஜமானை நம்பிவிடுகிறார்கள், அடிமையை நம்பவில்லை. அடிபட்டவன் அடிபட்டவனை நம்பாத இடம். நமக்கு வலிக்க வேண்டிய இடம். சேரியிலேயே ஒருவனுக்கொருவன் மேல் கீழ் பார்க்கிற நமக்கு.

கடைசியில் ஓங்கிய வாள் கையிலிருந்து நழுவுகிறது. சகுனம் என்கிறான். தாயே, சாருதத்தன் பிழைத்தால் சண்டாளக் குலத்துக்கே நீ அருள் செய்தவளாவாய் என்று தன் மலைத் தெய்வத்தை வேண்டுகிறான். பிக்குவும் வசந்தசேனையும் ஓடி வருகிறார்கள். அதே நேரம் ஆர்யகன் பாலகனைக் கொன்று அரியணை ஏறிய செய்தியும் வருகிறது. அப்பன் சொன்ன நாலில் ஒன்று பலித்துவிட்டது. ராஜா மாறிவிட்டான்.

*

ராஜா மாறினால் பதவி பங்கீடு. அதுவும் நாடகத்தில் இருக்கிறது. சாருதத்தனுக்கு ஒரு ராஜ்ஜியம். கணிகை வசந்தசேனைக்கு மனைவி என்ற பட்டம். பிக்குவுக்கு எல்லா விகாரைகளுக்கும் தலைமை. அடிமை ஸ்தாவரகனுக்கு விடுதலை. சந்தனகனுக்குப் பூமி முழுவதற்கும் காவல் தலைமை. சகாரனுக்குக்கூட மன்னிப்பு. எல்லோரும் இருந்த இடத்தைவிட்டு நகர்ந்தார்கள்.

கோகனுக்கும் ஆகீந்தனுக்கும்? இவர்கள் இருவரும் எல்லாச் சண்டாளர்களுக்கும் தலைவர்கள் ஆகட்டும்.

இந்தச் சிரிப்பு நாடகத்தின் மாபெரும் சிரிப்பு இதுதான் தோழர்களே. அடிமை அடிமையாக இல்லை. கணிகை கணிகையாக இல்லை. தோல் சாதிக்காரன்கூட அதிகாரியாகிவிட்டான். சண்டாளன் மட்டும் சண்டாளன், கூடவே தலைவன். சண்டாளன் என்றால் யார் என்று உலகத்துக்கு விளக்கம் சொன்னவனுக்குக் கிடைத்த பரிசு அதே பேர்.

இடையர் வீட்டுப் பிள்ளை ராஜாவான கதையை நாம் 1967-இலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். பழைய பாலகர்கள் போனார்கள், சரி, போக வேண்டியவர்கள்தான். அதற்கு நம் ஆட்களும் உழைத்தார்கள், அடி வாங்கினார்கள், வண்டிக்குள் இருந்தவனைக் காட்டிக்கொடுக்காமல் நின்றார்கள். ஆட்சி வந்தது. நமக்கு என்ன? ஆதிதிராவிடர் நலத்துறை. கட்சியில் ஆதிதிராவிடர் அணி, அணிக்குச் செயலாளர். ஊராட்சியில் தனித்தொகுதித் தலைவர், உட்கார நாற்காலி இல்லை, கொடியேற்றப் போனால் கயிறு இல்லை. 1996-இல் மேலவளவு ஊராட்சி தனித்தொகுதியானது. தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று, உடன் வந்தவர்களோடு, வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருஷம் தேர்தலே நடத்த விடவில்லை, 2006 வரை. சண்டாளருக்குச் சண்டாளன் தலைவனாகலாம். ஊருக்குத் தலைவனானால் வாள் நழுவாது.

*

இதையெல்லாம் நம் வாசகர் வட்டத்தில் பேசினேன். கல்லூரி மாணவர்கள் சிலர், நாமே இந்தப் பத்தாம் அங்கத்தைப் போடுவோம் என்றார்கள். எட்டாம் அங்கத்துக் குளத்தையும் சேர்த்து. தோழர் ஒருவர் எழுந்தார். 'எதுக்குத் தோழர் அவன் எழுதுன நாடகத்த நாம தூக்கிச் சுமக்கணும்? நமக்குக் கூத்து இல்லையா, கதை இல்லையா? சமஸ்கிருதத்துக்கு நாம ஏன் ஆள் புடிக்கணும்?'

நியாயமான கேள்வி. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் கேட்கிறேன். 'நம்' இலக்கியம் என்று சொல்லப்படுவதில் நாம் எப்படி இருக்கிறோம்? முக்கூடற்பள்ளை எடுங்கள். சுத்தத் தமிழ். பள்ளன் இரண்டு பெண்டாட்டிக்காரன், மூத்தவள் பண்ணைக்காரனிடம் கோள் சொல்கிறாள், பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுமரத்தில் மாட்டுகிறான். நிலத்தை உழுதவன் காலில் கட்டை. படிப்பவனுக்கு நகைச்சுவை. பாடத்திட்டத்தில் வைத்து மீன் பேரும் நெல் பேரும் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், தொழுமரத்தைப் பற்றி ஒரு கேள்வி வந்ததில்லை. நம் மொழியில் இருப்பதாலேயே ஒன்று நம்முடையதாகிவிடாது.

கூத்தைச் சொன்னார் தோழர். அரிச்சந்திரன் மயான காண்டம். விடிய விடிய நாம் அழுது பார்க்கிற கூத்து. சுடுகாட்டில் ராஜாவை விலைக்கு வாங்கின வீரவாகு கடைசியில் யார்? தர்மதேவதையின் வேஷம் என்று புராணம் சொல்கிறது. சங்கரர் கதையில் காசித் தெருவில் எதிரே வந்து கேள்வி கேட்ட சண்டாளன் யார்? சாட்சாத் சிவன். அதாவது, சண்டாளன் நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டால் உடனே வேஷம் கலைந்தாக வேண்டும். மனுஷனாக இருந்துகொண்டு அவன் அறிவாகப் பேசிவிடக் கூடாது. கோகனும் ஆகீந்தனும் கடைசிவரை கலைவதில்லை. அவர்கள் சாமி இல்லை. அப்பன் பேச்சைக் கேட்டுக் கத்தியைத் தாமதப்படுத்திய கூலிக்காரர்கள். அதனால்தான் எனக்கு அவர்கள் வேண்டும்.

கையாளத் தெரிந்தால் எதையும் பிடுங்கலாம். 1958-இல் ஹபீப் தன்வீர் இதே நாடகத்தை 'மிட்டி கி காடி' என்று தில்லியில் போட்டபோது சத்தீஸ்கர் கிராமத்து நாச்சாக் கலைஞர்கள் ஆறு பேரை மேடையேற்றினார். வடமொழி நாடகத்தின் நடையை நாட்டுப்புற ஆட்களின் உடம்பில் கண்டுபிடித்தார். இங்கிலாந்திலும் தோட்டத்து நாடகம் உண்டு. லண்டன் ரீஜண்ட் பூங்காவில் 1932-இலிருந்து ஷேக்ஸ்பியர் போடுகிறார்கள். அவருடைய ஒரு கோடைக்கால நாடகத்தில் நெசவாளியும் தச்சனும் தையல்காரனும் பாத்திரக்காரனும் சேர்ந்து நாடகம் போட, பிரபுக்கள் உட்கார்ந்து நக்கலடிப்பார்கள். அங்கேயும் அதே சிரிப்புத்தான், சாதிக்குப் பதில் வர்க்கம்.

மொழியைப் பற்றி ஒன்று. மூலத்தில் சாருதத்தன் சமஸ்கிருதம் பேசுவான், சண்டாளர் பிராகிருதம் பேசுவார்கள். அந்தப் பிராகிருதத்துக்கே உரைகாரர்கள் 'சாண்டாலி' என்று தனிப்பேர் வைத்தார்கள். பேச்சுக்கும் ஒரு சேரி! நாம் போடும்போது கோகன் எங்கள் அரியலூர்ப் பக்கத்துத் தமிழைப் பேசட்டும். சாதாரணமாக, இழுக்காமல், எங்கள் அம்மா பேசுகிற மாதிரி. சாருதத்தன் வேண்டுமானால் இழுத்துப் பேசட்டும்.

*

எங்கே போடுவது? இங்கேதான் எனக்கும் தோழர்களுக்கும் இன்னும் சண்டை தீரவில்லை.

திறந்தவெளி அரங்கு என்று அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரிப் பேசுவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. மூடிய இடம் எதற்குள்ளும் விடாமல் நிறுத்திவைத்ததால் நம் கலை முழுக்கத் திறந்தவெளிதான். தப்பு, பறை, ஒப்பாரி, கூத்து எல்லாம் வெயிலில், களத்தில், சுடுகாட்டு வழியில். நமக்கு அது விலாசம், அவர்களுக்கு அது வடிவம்.

எங்கள் விக்கிரமங்கலம் ஒரு காலத்தில் விக்கிரமசோழபுரம். வணிகர்கள் நடமாடிய சோழர் ஊர். கல்லில் செய்த புத்தர் இருக்கிறார் இங்கே, சமணத் தீர்த்தங்கரரும். சோழநாட்டில் சைவம் மட்டுமே தழைத்தது என்று பேசுகிறவர்களுக்கு அவர் வாயைத் திறக்காமலே பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச தூரத்தில் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திரன் கட்டிய கோயில், 2004-இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். சுற்றிலும் வெட்டிச் சமன் செய்த பச்சைப் புல்தரை. 2025 ஜூலையில் ஆடித் திருவாதிரை விழாவை அங்கே ஐந்து நாள் கொண்டாடினார்கள், பிரதமர் வந்தார், நாணயம் வெளியிட்டார். அந்த ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன் தஞ்சைப் பெரியகோயிலில் வெட்டிவைத்த கல்வெட்டுகளில் ஊர்நத்தத்தோடு கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் வருகின்றன, தீண்டாச்சேரியும் வருகிறது, வரி கழிக்கப்பட்ட நிலக் கணக்கில். பொற்காலக் கணக்கிலேயே நம்மைக் கழித்துவைத்திருக்கிறார்கள். விழாவில் அதை யாரும் வாசிக்கவில்லை.

சேரிக் களத்திலேயே போடுவோம், நம் மக்கள் பார்க்கட்டும் என்கிறார்கள் மாணவர்கள். போடுவோம், முதலில் அங்கேதான். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது என்கிறேன் நான். சண்டாளன் யார் என்று சண்டாளனுக்கே சொல்லிக்கொண்டிருந்தால் அது சண்டாளருக்குச் சண்டாளன் தலைவனான கதைதான். 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளில், இதே மாவட்டத்துப் பொன்பரப்பியில் நம் வீடுகளை அடித்து நொறுக்கியவர்கள் இந்த நாடகத்தைப் பார்க்க வேண்டாமா? கங்கைகொண்ட சோழபுரத்துப் புல்தரைக்குத் தொல்லியல் துறையிடம் மனுப் போடுவோம். பரதநாட்டியம் ஆடக் கொடுக்கிற இடம்தானே. மறுத்தால் எழுத்தில் மறுக்கட்டும், அந்தத் தாளை இந்தப் பத்திரிகையில் அச்சடிப்போம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பெரியப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டியவர், ஊருக்குத் தண்டோரா போட்டவர். தண்டோரா வேண்டாம் என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் கடிதம் வந்தபோது குச்சியை அடுப்பில் போட்டவர். திண்ணையில் உட்கார்ந்து பீடி அணையும்வரை கேட்டார்.

'அந்த அப்பன் சொன்னாம் பாரு தம்பி, அவசரப்படாதன்னு. அது நெசம்தான்.'

'எப்படிப் பெரியப்பா?'

'நம்ம தெருவுல ஒருத்தர் வீட்டுக்கு ஜப்தி வந்துது. ஒம் பாங்கு மாதிரி ஒரு எடத்துலேருந்துதான். ஏலம்னு நாந்தான் அடிச்சிச் சொல்லணும். அன்னைக்கு நா மெதுவாத்தான் அடிச்சேன். அந்தத் தெருக்கோடி வரைக்கும் கேக்காத மாதிரி. எவனும் ஏலத்துக்கு வர்ல. ரெண்டு நாள் தவண கெடைச்சிது அந்தாளுக்கு.'

'யாருக்கும் தெரியாதா?'

'தெரியும். அதிகாரி வந்து என்னாடா குச்சில வலு இல்லியான்னான். காச்சல் சாமின்னேன்.'

கோகன் வேஷத்துக்கு அவரையே கேட்டேன். அரிதாரம் போடணுமா என்றார். வேண்டாம், இப்படியே, இந்த வேட்டியோடு என்றேன். பறை யார் அடிப்பது என்றார். அதுவும் நீங்கள்தான், நாடகத்துக்குள்ளே. வாசலில் வருகிறவர்களை வரவேற்க ஒருத்தரும் அடிக்கப் போவதில்லை.

'அப்பச் சரி' என்றார். 'குச்சி புதுசா வெட்டணும்.'